ஆசீர்வாதம் சொன்ன சாட்சி

ஜூன் 7, புதன்

கடன் கம்பெனி பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. சென்டர் லீடர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். இத்தனை நாளும் அரிசிப் பானைக்கு மூடியாகக் கிடந்தது. நேற்று என் மகள் பெர்சிஸ் அதை எடுத்துத் துடைத்து, "எம்மா, பேச ஆளில்ல பேச ஆளில்லன்னு சொல்லுதியே, இதுகிட்டப் பேசு. இது எதுத்துப் பேசாது" என்றாள். வாய்த்துடுக்கு. என்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள், யாரைச் சொல்ல?

என் பெயர் ஞானப்பூ. தையல்தான் தொழில். வீட்டுக்காரர் கொல்லத்தில் பரோட்டா மாஸ்டர். மாதம் ஒரு தடவை வருவார், வந்தால் தூங்குவார். எங்கள் கிருபைநகரில் பத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து கடன் வாங்கியிருக்கிறோம். குழுவைக் கம்பெனிக்காரர்கள் சென்டர் என்பார்கள், நான் அதற்கு லீடர். நகை கேட்கவில்லை, பத்திரம் கேட்கவில்லை. ஒருத்திக்கு மற்ற ஒன்பது பேர்தான் ஜாமீன். புதன்கிழமை காலை ஏழு மணிக்கு என் வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் விரித்து வரிசையாக உட்கார வேண்டும். உறுதிமொழி சொல்ல வேண்டும். பத்துப் பேர் தவணையும் சேரும்வரை ஒருத்தியும் எழுந்திருக்கக் கூடாது. பிள்ளை அழுதாலும் சரி, அடுப்பில் பால் பொங்கினாலும் சரி.

இன்று சேர்ந்துவிட்டது. ஜெபக்கனிதான் கடைசியாக நீட்டினாள், எல்லாம் கசங்கிய பத்து ரூபாய்த் தாள்கள். அவள் எனக்கு அடுத்த வீடு. புருஷன் ஆசீர்வாதம் கொத்தனார். ஊரில் பாதிச் சுவர் அவன் பூசியது. தை மாதத்திலிருந்து இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாயும் சனியும் திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துவிட்டு வர வேண்டும். அதற்குக் காசு இல்லை, அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது. பஸ்ஸுக்கும் சோற்றுக்கும் யார் பார்ப்பது? பூச்சுக் கரண்டி பிடித்த கை சும்மா கிடக்கிறது. ஜெபக்கனி மட்டும் நூறு நாள் வேலைக்குப் போகிறாள்.

பெர்சிஸுக்கு நர்சிங் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. ஆகஸ்ட் இருபதுக்குள் பணம் கட்ட வேண்டும். அடுத்த சுற்றுக் கடனை நம்பித்தான் இருக்கிறேன். வசூலுக்கு வருகிற இசக்கிராஜிடம் கேட்டேன். "சென்டர்ல ஒரு ஆளு பாக்கி வச்சாலும் யாருக்கும் அடுத்த லோன் கெடையாதுக்கா" என்றான். இருபத்துமூன்று வயதுப் பையன். அவனைச் சார் என்று கூப்பிடுகிறோம்.

ஜூன் 9, வெள்ளி

உபவாச ஜெபம். கோவிலில் பெண்களுக்கு நான்தான் நடத்தினேன். ஆசீர்வாதம் தம்பிக்காகச் சுகம் கேட்டு அரை மணி நேரம் மன்றாடினேன். ஜெபக்கனி என் தோளில் சாய்ந்து அழுதாள். என் ஜெபத்துக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு, அதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

எங்கள் குழுவில் இருக்கிற மேபல் செய்கிற ஜெபத்தைக் கேட்கச் சகிக்கவில்லை. ஜெபம் என்ற பெயரில் மருமகளைப் பற்றிக் கோள் சொல்லுகிறாள். கர்த்தருக்கும் வேறு வேலை இருக்காதா?

ஜூன் 14, புதன்

ஜெபக்கனியிடம் பணம் இல்லை. எட்டு மணி ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. ஒருத்தியும் எழுந்திருக்க முடியவில்லை. ஒன்பது மணிக்கு நூறு நாள் வேலையில் வருகைப்பதிவை மூடிவிடுவார்கள். பாதிப் பேருக்குக் கூலி போயிற்று.

"நேத்தே சொல்லிருந்தா எங்கயாவது பொரட்டிருப்போம்லா. இப்ப எங்க பொழப்பும் போச்சு" என்று ரோசம்மா கத்தினாள். ஜெபக்கனி தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சிருங்கக்கா, மன்னிச்சிருங்கக்கா" என்று ஒவ்வொருத்தியாகப் பார்த்துச் சொன்னாள். இசக்கிராஜ் பைக்கில் சாய்ந்துகொண்டு போனைப் பார்த்தான். நான் ஒரு முறை முறைத்தேன். "என்னயப் பாத்து என்னக்கா செய்ய? பணம் இல்லாமப் போனா என் சம்பளத்துல புடிப்பாவ" என்றான்.

கடைசியில் ஒன்பது பேரும் பங்கு போட்டுக் கட்டினோம். நான் ரவிக்கை தைத்த காசை எடுத்துக் கொடுத்தேன். வட்டிக்காரன் முன்காலத்தில் வாசலில் வந்து நின்று கத்துவான். இப்போது அவன் கத்த வேண்டாம், நாங்களே ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி கத்திக்கொள்கிறோம். கெட்டிக்காரக் கம்பெனி.

ஜூன் 18, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் சபைப் போதகர் ஐயரைப் பார்த்து ஜெபக்கனி நிலைமையைச் சொன்னேன். நல்ல மனுஷர், கண் கலங்கிவிட்டது. கமிட்டியில் பேசுகிறேன் என்றார். கமிட்டி பேசியது. கோபுர வேலை நடக்கிறது, சிமெண்டுக்கே தட்டுப்பாடு, ஏழைகள் நிதியில் இருந்ததையும் அதற்குத்தான் கைமாற்றாக எடுத்திருக்கிறோம், கோபுரம் முடிந்ததும் திருப்பி வைப்போம் என்றார்களாம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஐந்நூறு ரூபாய் கொடுத்தார்கள். ஜெபக்கனி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்தக் கோபுரத்தின் முதல் நிலைக்கு ஆசீர்வாதம் தம்பிதான் கூலி வாங்காமல் கல் வைத்தான். அதை ஒருவரும் பேசவில்லை. நானும் போய்ப் பேசவில்லை, கமிட்டியில் பெண்கள் பேசுகிற வழக்கமில்லை.

ஜூன் 21, புதன்

இன்றும் ஜெபக்கனிக்கு நாங்கள்தான் கட்டினோம். எல்லாரும் போன பிறகு இசக்கிராஜ் டீ கேட்டான். கொடுத்தேன். பெர்சிஸ் படிப்பு விஷயத்தை மறுபடியும் எடுத்தேன். பையன் பாவம், எனக்கு உதவ வேண்டும் என்றுதான் நினைத்தான்.

"இப்படி எத்தன வாரம் நீங்க கட்டுவியக்கா? ஒரு வாரம் விட்டாலும் உங்க லோன் போச்சு." டீயை ஊதிக் குடித்தான். "ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுக்காதிய. லோன் குடுக்கும்போதே புருசன் பொஞ்சாதி ரெண்டு பேருக்கும் இன்சூரன்சு புடிச்சிருக்கு. ரெண்டுல ஒரு ஆளு எறந்துட்டா மொத்தமும் தள்ளுபடி. பாக்கியே இல்லாம சென்டர் கிளீன் ஆயிரும்."

நான் டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தேன். இதெல்லாம் என்ன பேச்சு என்று அவனைத் திட்டியிருக்க வேண்டும். திட்டினேனா என்று ஞாபகம் இல்லை.

சாயங்காலம் ரோசம்மாவின் மகள் பாவாடைக்கு ஓரம் அடித்தேன். இரண்டு தடவை தப்பாக அடித்துப் பிரித்தேன்.

ஜூன் 23, வெள்ளி

உபவாச ஜெபம். தொண்டை கட்டியிருந்தது, அதனால் சுருக்கமாக முடித்தேன். ஆசீர்வாதம் தம்பி பெயர் வந்தபோது, "ஆண்டவரே, உம்முடைய சித்தத்தின்படி செய்யும்" என்று வாயில் வந்துவிட்டது.

எங்கள் சபையில் இதற்கு ஒரு கணக்கு உண்டு, யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பிழைக்க வேண்டிய ஆளுக்குச் சுகம் கேட்போம். பாயில் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடக்கிறவர்களுக்குத்தான் 'உம்முடைய சித்தம்' என்போம். அதைக் கேட்டதும் வீட்டார் அடக்கத்துக்குத் துணிமணி எடுத்து வைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

வெளியே வரும்போது ஜெபக்கனி என் முந்தானையைப் பிடித்தாள். "எக்கா, அவியளுக்கு நாப்பத்தாறு வயசுதான ஆவுது. சொகம்னு கேளுங்கக்கா. சித்தம்னு சொல்லாதிய" என்றாள். ஏட்டி, எல்லாம் ஒன்றுதானே, அவர் சித்தமே சுகமாக இருக்கக் கூடாதா என்று சமாதானம் சொன்னேன். தலையாட்டினாள். அவள் முகம் சரியாகவில்லை.

ஜூன் 28, புதன்

இன்று அதிசயம். ஜெபக்கனி பங்கை ஒன்பது பேரும் முணுமுணுக்காமல் கட்டினார்கள். ரோசம்மா, "நீ கவலப்படாத ஜெபக்கனி, நாங்க பாத்துக்கிடுதோம்" என்றாள். மேபல் கஞ்சி கொண்டுவந்திருந்தாள், ஆசீர்வாதம் தம்பிக்காம். "எப்படியிருக்காவ? சாப்பாடு எறங்குதா? ராத்திரி ஒறங்குதாவளா?" என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள். ஜெபக்கனிக்கு இத்தனை அன்பைப் பார்த்து அழுகை வந்துவிட்டது.

இசக்கிராஜ் என்னிடம் மட்டும்தான் சொன்னான் என்று நினைத்திருந்தேன்.

ஜூலை 4, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஆசீர்வாதம் தம்பி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். முகம் தெளிந்திருந்தது. ஜெபக்கனி கோழிக்குழம்பு வைத்தாள், ஒரு கிண்ணம் எனக்கும் வந்தது. இந்தச் சிகிச்சையோடு பத்து வருஷம் இருக்கிற ஆட்கள் எல்லாம் உண்டாம், டாக்டர் சொன்னாராம்.

பத்து வருஷம்.

குழம்பில் உப்பு அதிகம். சாப்பிடாமல் வைத்துவிட்டேன்.

ஜூலை 8, சனி

சாயங்காலம் ஆசீர்வாதம் தம்பி ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு வந்தான். "மைனி, இது தொளதொளன்னு கெடக்கு. கொஞ்சம் புடிச்சுக் குடுங்க. கூட்டத்துக்குப் போடணும்" என்றான். அடுத்த வாரம் எங்கள் கோவில் வளாகத்தில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வருகிறார். வியாதிக்காரர்கள் மேல் கை வைத்து ஜெபிப்பாராம்.

மிஷின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தான். நான் அளவெடுத்தேன். எலும்புதான் இருந்தது.

"மைனி, அந்த வசூல் தம்பி ஏதோ இன்சூரன்சுன்னு சொன்னானாமே. மெய்தானா?"

யார் சொன்னார்கள் என்று கேட்டேன். மெய்தானா என்றுதான் திரும்பவும் கேட்டான். ஆமாம் என்றேன். ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

"முழுசுமா தள்ளுபடி?"

"முழுசுந்தான் தம்பி."

"சீக்குல போனாலுமா?"

"சீக்குல போனாத்தான். தானா எதையாவது குடிச்சு கிடிச்சுப் போனா கெடையாதாம்."

அவன் தலையாட்டினான். பிறகு, "பாப்பா படிப்புக்கு எப்ப பணம் கெட்டணும்?" என்றான்.

"ஆகஸ்ட் இருவதுக்குள்ள."

"கெட்டிருவிய. வெசாரப்படாதிய மைனி."

சட்டையைப் பிடித்துக் கொடுத்தேன். கூலி நீட்டினான், வாங்கவில்லை. எனக்கு எதற்கு அவன் ஆறுதல் சொல்லுகிறான்? சீக்காளிகள் இப்படித்தான், எதையாவது பேசுவார்கள். அந்தப் பேச்சையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டிருக்க முடியுமா?

ஜூலை 14, வெள்ளி

கூட்டம் ஆரம்பம். நல்ல ஜனம். சுக்குக் காப்பிப் பொறுப்பு எனக்கு. கால் கடுக்கிறது.

ஜூலை 16, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கூட்டத்தின் கடைசி நாள். பிரசங்கியார் வியாதிக்காரர்களை மேடைக்கு அழைத்தார். ஆசீர்வாதம் தம்பி நான் பிடித்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றான். அவர் தலையில் கை வைத்தார். மற்றவர்கள் விழுந்தார்கள், இவன் விழவில்லை. நேராக மைக்கைக் கேட்டு வாங்கினான்.

"கர்த்தர் என்னத் தொட்டுட்டாரு. வயித்துக்குள்ள சூடா ஒண்ணு எறங்குச்சு. நான் சொகமாயிட்டேன். இனி எனக்கு ரத்தம் சுத்தம் பண்ணுத மிஷினும் வேண்டாம், ஆஸ்பத்திரியும் வேண்டாம். இந்த ஊரு சாட்சி" என்றான்.

ஜனம் எழுந்துவிட்டது. ஜெபக்கனி மண்ணில் முழங்கால் போட்டு அழுகிறாள், சிரிக்கிறாள், அவளுக்கு மூச்சே வரவில்லை. ஐயர் மட்டும் அவன் தோளைத் தொட்டு, "டாக்டர்ட்டயும் ஒரு தடவ காட்டிருப்பா" என்றார். "பெரிய டாக்டர்ட்ட காட்டிட்டேன் ஐயா" என்று அவன் மேலே கையைக் காட்டினான். எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள்.

மேடையிலிருந்து அவன் என்னைப் பார்த்தான். இல்லை, விளக்கு வெளிச்சம் கண்ணில் அடித்தது, யாரைப் பார்த்தானோ. அற்புதம் நடப்பதில்லை என்று சொல்ல நான் யார்? எத்தனை சாட்சி கேட்டிருக்கிறேன். நானும் அல்லேலூயா சொன்னேன். என் குரல்தான் எல்லாருடையதையும் விட உரக்கக் கேட்டது என்று மேபல் வீட்டுக்கு வரும்போது சொன்னாள்.

ஜூலை 18, செவ்வாய்

திருநெல்வேலிக்குப் போகிற ஆறேகால் பஸ் வந்து நின்று போயிற்று. அவர்கள் ஏறவில்லை. ஜெபக்கனி உளுந்தங்களி கிண்டி வீடு வீடாகக் கொடுத்தாள். நல்லெண்ணெய் மிதக்கக் கிண்டியிருந்தாள், எங்கே வாங்கினாளோ.

ஜூலை 22, சனி

இன்றும் போகவில்லை. காலையில் அவன் வாசலில் உட்கார்ந்திருந்தான், கால்களைத் துண்டால் மூடியிருந்தான். "எப்படியிருக்கிய தம்பி?" என்றேன். "நல்ல சொகம் மைனி" என்றான். கண்ணிமை வீங்கியிருந்தது.

பெர்சிஸ் உள்ளே வந்து, "எம்மா, அது ஒடம்புல தண்ணி கோக்குறது. போன்ல பாத்தேன். ஒடனே கொண்டு போவணும்" என்றாள். இன்னும் காலேஜ் வாசலை மிதிக்கவில்லை, அதற்குள் நர்ஸ் ஆகிவிட்டாயா என்று சத்தம் போட்டேன். "நீயே நேரே போய்ச் சொல்லும்மா, ஒன் பேச்சக் கேப்பாவ" என்றாள். போய் விசுவாசத்தைக் கெடுத்த பாவம் நமக்கு வேண்டாம், நீயும் அந்தப் பக்கம் போகாதே என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பக்தி கிடையாது.

ஜூலை 24, திங்கள்

மத்தியானம் ஜெபக்கனி பின்வாசல் வழியாக வந்தாள். தலை சீவவில்லை.

"எக்கா, அவியளுக்கு மூச்சு வாங்குது. படுக்க முடியல, உக்காந்தே இருக்காவ. கால அமுக்குனா குழி விழுது. ஆட்டோவுக்குச் சொல்லட்டுமா?"

"அவிய என்ன சொல்லுதாவ?"

"கோவப்படுதாவக்கா. இப்பிடி அவிய கோவப்பட்டதே கெடையாது. ஊரு முன்னால சாட்சி சொன்னவன் ஆஸ்பத்திரிக்குப் போனா கர்த்தர் பேரு என்னாவும்ங்காவ. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாவ. நீங்க போலாம்னா நான் இப்பவே ஆட்டோவக் கூப்புடுதேன்."

நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விசுவாசம் தளரப்படாது ஜெபக்கனி" என்றேன். "சோதன வரும். கர்த்தர் கைவிடமாட்டாரு."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரிக்கா. தெரியாமக் கேட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் சொன்னதில் என்ன தப்பு? பிரசங்கியார் சொன்னதும் இதுதானே? ஆட்டோக்காரன் போக வர இரண்டாயிரம் கேட்பான், அவளிடம் ஏது? போனாலும் ஆசீர்வாதம் தம்பி இறங்கி வந்துவிடுவான், பிடிவாதக்காரன். எல்லாவற்றையும் யோசித்துத்தான் சொன்னேன். அவளுக்கு நல்லதைத்தான் சொன்னேன்.

சாப்பிடப் பிடிக்கவில்லை. வெயில்.

ஜூலை 26, புதன்

ஜெபக்கனி வரவில்லை. பங்கு போட்டுக் கட்டினோம். ரோசம்மா, "இன்னும் எத்தன வாரம் கெட்டணும்?" என்று கேட்டாள். எல்லாரும் தார்ப்பாயையே பார்த்தோம். கேட்டவளும் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜூலை 27, வியாழன்

இன்று காலை ஆசீர்வாதம் தம்பி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

ஜூலை 28, வெள்ளி

அடக்கம் முடிந்தது. பெட்டிக்கும் குழிக்கும் குழுப் பெண்கள் எல்லாருமாகப் பணம் போட்டோம். யாரும் யாரையும் கேட்கவில்லை, தானாகவே கொண்டுவந்தார்கள். நான் வந்தவர்களுக்குக் காப்பி போட்டேன்.

அழுதேன். நடிப்பில்லை. அவன் எனக்குத் தம்பி மாதிரி. என் வீட்டுச் சமையலறைச் சுவரைப் பூசிவிட்டு, "மைனி, இந்தச் செவுரு உங்க பேரப்புள்ளைக வரைக்கும் நிக்கும்" என்றவன். பெட்டியை மூடும்போது என்னை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

ஊரில் பேச்சு வேறு விதமாகப் போகிறது. சுகமானவன் எப்படிச் செத்தான்? வீட்டில் யாருக்கோ விசுவாசம் குறைந்திருக்கிறது என்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டு ஜெபக்கனி பக்கம் பார்க்கிறார்கள்.

ஆகஸ்ட் 2, புதன்

இசக்கிராஜ் வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு ஜெபக்கனி வீட்டுக்குள் போய்த் துக்கம் விசாரித்தான். பிறகு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான்.

"ஆபீசுல கேப்பாவக்கா. லீடர் நீங்க சொன்னாப் போதும். சீக்குதான?"

"சீக்குதான்."

"ட்ரீட்மெண்ட் எடுத்துக்கிட்டுத்தான இருந்தாரு?"

"எடுத்துக்கிட்டுத்தான் இருந்தாவ."

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்."

அவனும் அந்தக் கூட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பான், இந்த ஊரில் அது தெரியாத ஆள் கிடையாது. பேனாவை மூடிப் பையில் வைத்தான். இன்று டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

ஆகஸ்ட் 9, புதன்

தள்ளுபடி ஆகிவிட்டது. உறுதிமொழி முடிந்ததும் இசக்கிராஜ் அறிவித்தான். பழக்கதோஷத்தில் இரண்டு பேர் கைதட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

ஜெபக்கனி வெள்ளைச் சேலையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். "அப்ப நான் இனிமே புதங்கெழம வரவேண்டாமா சார்?" என்று கேட்டாள். வேண்டாம் என்றான். அவள் எழுந்திருக்கவில்லை. எல்லாரும் கட்டி முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். அதுதானே வழக்கம் என்று இருந்துவிட்டாள் போல.

ஆகஸ்ட் 16, புதன்

நேற்று என் கணக்கில் கடன் பணம் விழுந்தது. இன்று கூட்டம் முடிந்த கையோடு பஸ் ஏறிப் போய் காலேஜில் கட்டிவிட்டோம். பெர்சிஸுக்கு வெள்ளைக் கோட்டுக்கு அளவெடுத்தார்கள். நானே தைத்திருப்பேன், அங்கேதான் வாங்க வேண்டுமாம், இரண்டு மடங்கு விலை.

பஸ்ஸில் பெர்சிஸ், "ஆசீர்வாதம் மாமா இருந்தா இன்னைக்கு எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பாவ" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என்னம்மா என்றாள். தூசி என்றேன்.

ஸ்தோத்திரக் காணிக்கை கொடுக்க வேண்டும். எவ்வளவு கொடுப்பது, என்னவென்று சொல்லிக் கொடுப்பது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 18, வெள்ளி

உபவாச ஜெபத்துக்குப் போக மனமில்லை. நான் போகாவிட்டால் நடத்த ஆளில்லை.

பாட்டு முடிந்து, சாட்சி சொல்லுகிறவர்கள் சொல்லலாம் என்றேன். ஜெபக்கனி எழுந்தாள். அடக்கம் முடிந்து அவள் கோவிலுக்குள் வந்தது இதுதான் முதல் தடவை. இளைத்துப் போயிருந்தாள்.

"கர்த்தர் எங்க கடன முழுசுமாத் தள்ளுபடி பண்ணிட்டாரு. அதுக்கு ஸ்தோத்திரம்" என்றாள். "ஆனா எனக்கு ஒறக்கம் இல்ல. அவியளக் கர்த்தர் சொகப்படுத்துனது மெய்தான். நாந்தான் நம்பல. அவிய கால் வீங்குன ஒடனே எனக்குச் சந்தேகம் வந்துட்டு. ஞானப்பூ அக்காட்டப் போயி ஆட்டோவுக்குச் சொல்லட்டுமான்னு கேட்டேன். அக்கா எனக்கு நல்ல புத்திதான் சொன்னாவ. நான் வாயால சரின்னேன், உள்ளுக்குள்ள நம்பவே இல்ல. அந்த என் அவிசுவாசந்தான் அவியளக் கொன்னுட்டு. குடுத்த சொகத்தக் கர்த்தர் என்னாலதான் திருப்பி எடுத்துக்கிட்டாரு."

வந்து என் முன்னால் முழங்கால் போட்டாள். "எனக்கு மன்னிப்பு உண்டுமாக்கா? நீங்க கேட்டா அவரு குடுப்பாரு. எனக்காக ஜெபம் பண்ணுங்க."

இல்லை ஜெபக்கனி, நீ காரணம் இல்லை என்று தொண்டை வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. பின்னே யார் காரணம் என்று கேட்பாளே? ரோசம்மாவைப் பார்த்தேன், மேபலைப் பார்த்தேன். குழுப் பெண்கள் அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார்கள். ஒருத்தி கூட நிமிரவில்லை. ஜெபக்கனி மட்டும் கண்ணைத் திறந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் தலையில் கை வைத்தேன். "ஆண்டவரே, இந்தச் சகோதரியின் அவிசுவாசத்தை மன்னியும்" என்று ஜெபித்தேன்.

"ஆமென்" என்று எல்லாருக்கும் முந்திச் சொன்னாள். எழுந்து என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இப்பதான்க்கா பாரம் எறங்குச்சு" என்றாள்.